உஷா கங்குலி: வங்க நகரத்தில் ஓர் இந்தி மேடை

உஷா கங்குலி (1945–2020) கொல்கத்தாவில் வாழ்ந்து இந்தியில் நாடகம் செய்தவர். நடிகை, இயக்குநர், கதைகளை நாடகமாக்கி எழுதியவர் என்று மூன்று பணிகளையும் ஒருசேரச் செய்தார். ‘ரங்ககர்மி’ என்ற நாடகக் குழுவை 1976இல் தொடங்கி, இறக்கும்வரை 44 ஆண்டுகள் விடாமல் நடத்தினார். டெல்லியின் தேசிய நாடகப் பள்ளியில் அவர் படிக்கவில்லை. பகலில் கல்லூரியில் இந்தி இலக்கியம் நடத்திவிட்டு, மாலையில் ஒத்திகைக்குப் போனவர். வங்காளம் பேசும் ஒரு நகரத்தில், இந்தி நாடகத்துக்கு வங்காளிகளும் சீட்டு வாங்கி வந்து உட்காரும்படி செய்தது அவருடைய பெரிய சாதனை. அந்தச் சாதனை ஒரே நாடகத்தால் வந்ததல்ல. அவர் மேடைக் கலையை யாரிடம் கற்றார், எந்தக் கதைகளைத் தேர்ந்தார், யாரை நடிகராக்கினார் என்பவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் அது எப்படிக் கைகூடியது என்பது விளங்கும்.

உஷா பிறந்தது ராஜஸ்தானின் ஜோத்பூரில். குடும்பத்தின் பூர்வீகம் உத்தரப் பிரதேசம். சிறு வயதில் பரதநாட்டியம் கற்றார். பிறகு கொல்கத்தாவுக்கு வந்து ஸ்ரீ சிக்ஷாயதன் கல்லூரியில் படித்து, இந்தி இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1970இல் பவானிபூர் எஜுகேஷன் சொசைட்டி கல்லூரியில் இந்தி ஆசிரியராகச் சேர்ந்தவர், 2008இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். இந்த வேலையை அவருடைய நாடக வாழ்க்கைக்குப் புறம்பான ஒன்றாகப் பார்ப்பது தவறு. குழு நடத்துவதற்குத் தேவையான பொருளாதாரத் துணிவைத் தந்தது அந்தச் சம்பளம். புதிய கதைகளையும் நாவல்களையும் தேடித் தேடி வாசிக்கும் பழக்கம் வகுப்பறையிலிருந்து வந்தது. இளைஞர்களைக் கையாளத் தெரிந்ததும் அங்கேதான்.

அவர் காலெடுத்து வைத்தபோது கொல்கத்தாவின் இந்தி மேடை வெறுமையாக இருக்கவில்லை. இந்தியின் முதல் செய்தித்தாளான ‘உதந்த் மார்த்தண்ட்’ 1826இல் வெளிவந்தது இந்த நகரத்திலிருந்துதான். படாபஜாரின் மார்வாரி வணிகர்கள், ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகளில் வேலை செய்த பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் என இந்தி பேசுவோர் பல தலைமுறைகளாக இங்கே வேரூன்றியிருந்தார்கள். பாட்டும் வசனமும் ஜரிகை உடையுமாக நடந்த பார்சி நாடகங்களுக்கு இந்த நகரம் ஒரு பெரிய சந்தை. அந்த மரபின் கடைசிப் பெருங்கலைஞர்களில் ஒருவரான மாஸ்டர் ஃபிதா ஹுசைன், இங்குள்ள மூன்லைட் தியேட்டரில் பல ஆண்டுகள் நடித்தார். தம் இளமையில் அவர் பெண் வேடம் கட்டிப் புகழ்பெற்றவர்.

நவீன இந்தி நாடகம் கொல்கத்தாவில் நிலைகொண்டது 1955இல் தொடங்கிய ‘அநாமிகா’ குழுவோடு. சியாமானந்த் ஜாலான், பிரதிபா அகர்வால் முதலியோர் அதை உருவாக்கினார்கள். மோகன் ராகேஷின் ‘ஆஷாட் கா ஏக் தின்’ நாடகத்தை 1960இல் ஜாலான் இயக்கி மேடையேற்றியது இந்தி நாடக வரலாற்றில் ஒரு முக்கிய நிகழ்வு. பின்னர் ஜாலான் ‘பதாதிக்’ என்ற தனிக் குழுவைத் தொடங்கினார். இந்தக் குழுக்களின் தரத்தில் குறையில்லை. ஆனால் அவற்றின் பார்வையாளர்கள் பெரும்பாலும் இந்தி பேசும் வசதியான குடும்பத்தினர். பக்கத்துத் தெருவில் சம்பு மித்ராவின் ‘பஹுரூபி’யும் ‘நந்திகார்’ குழுவும் வங்காள மொழியில் நடத்திவந்த நாடக இயக்கத்துக்கும் இந்த இந்தி மேடைக்கும் இடையே போக்குவரத்து குறைவாகவே இருந்தது. அந்த இடைவெளியில்தான் உஷா கங்குலி வேலை செய்தார்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த அதே 1970இல் அவர் முதன்முதலாக மேடையேறினார். பிர்லா குடும்பத்தின் ஆதரவில் இயங்கிய சங்கீத் கலா மந்திர் அரங்கேற்றிய ‘மிட்டி கீ காடி’யில் வசந்தசேனை வேடம். சூத்ரகரின் ‘மிருச்சகடிகம்’ என்ற சமஸ்கிருத நாடகம்தான் அது. தமிழில் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று மொழிபெயர்த்தது இதைத்தான். உஜ்ஜயினியின் கணிகை வசந்தசேனையை நாட்டியப் பயிற்சி உள்ள ஓர் இளம்பெண்ணிடம் ஒப்படைத்ததில் வியப்பில்லை. அழகும் அபிநயமும் கொண்ட கதாநாயகியாகவே அவர் தொடர்ந்திருக்க முடியும். அந்தப் பாதையில் அவர் போகவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. பின்னாளில் அவர் பெயரோடு சேர்ந்து நினைக்கப்படும் வேடங்கள் பெரும்பாலும் வெயிலில் கருத்த, வயிற்றுப் பசி தீராத, வயதேறிய பெண்களுடையவை.

1976 ஜனவரியில் ‘ரங்ககர்மி’ பிறந்தது. நெருக்கடி நிலை நாடெங்கும் நடப்பிலிருந்த மாதங்கள் அவை. பெயரின் பொருள் ‘அரங்கில் வேலை செய்பவர்’ என்பது மட்டுமே. கலைஞர் என்ற பெருமிதச் சொல்லை விட்டுவிட்டு வேலையாள் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். குழுவை நிறுவியவரே முதல் நாளிலிருந்து இயக்குநர் ஆகிவிடவில்லை. தமக்கு இயக்கத்தில் முறையான பயிற்சி இல்லை என்பதை உஷா உணர்ந்திருந்தார். எனவே வெளியிலிருந்து இயக்குநர்களை வரவழைத்தார். அவர் அழைத்தவர்களின் பெயர்களே அவருடைய போக்கைச் சொல்லிவிடும்: திருப்தி மித்ரா, ருத்ரபிரசாத் சென்குப்தா, பிபாஸ் சக்ரவர்த்தி. மூவரும் வங்காள நாடகத்தின் முன்னணியினர். இந்திக் குழுவுக்கு இந்தி இயக்குநரைத்தான் தேட வேண்டும் என்ற வேலியை அவர் முதல் அடியிலேயே தாண்டிவிட்டார்.

இவர்களில் திருப்தி மித்ராவின் செல்வாக்கு ஆழமானது. இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தை ‘பஹுரூபி’ 1958இல் ‘புதுல் கேலா’ என்ற பெயரில் வங்காளத்தில் நடத்தியபோது, நோராவாக நடித்தவர் அவர். அதே நாடகத்தை ‘குடியா கர்’ என்று இந்தியில் ரங்ககர்மிக்காக அவர் இயக்கினார். இப்போது நோரா, உஷா கங்குலி. ஒரு வேடத்தை மேடையில் வாழ்ந்து பார்த்த மூத்த நடிகை, அதை மொழி மாற்றி இளைய நடிகையின் உடம்புக்குள் ஏற்றிக் கொடுத்த நிகழ்வு இது. எந்த நாடகப் பள்ளியின் பாடத்திட்டத்திலும் கிடைக்காத பயிற்சி. இந்த வேடத்துக்காக மேற்கு வங்க அரசின் சிறந்த நடிகை விருது உஷாவுக்குக் கிடைத்தது. இந்தியில் பேசிய நடிகைக்கு வங்காள மாநில அரசு தந்த விருது அது. திரைப்பட இயக்குநர் மிருணாள் சென்னிடமும் அவர் கற்றுக்கொண்டார்.

1980களில் இயக்கத்தைத் தம் கையில் எடுத்தார். அவர் இயக்கியவற்றில் முதலில் பெரும் பேச்சாக அமைந்தது 1984இல் வந்த ‘மகாபோஜ்’. மன்னு பண்டாரி 1979இல் வெளியிட்ட நாவலை, அவரே நாடக வடிவில் எழுதியிருந்தார். மன்னு பண்டாரியும் கொல்கத்தாவில் ஆசிரியராக இருந்தவர்தான். ஸரோஹா என்ற கிராமத்தில் பிசு என்ற தலித் இளைஞன் இறந்து கிடக்கிறான். அதற்குச் சில நாள் முன்பு அங்கே தலித் குடிசைகள் எரிக்கப்பட்டிருக்கின்றன. இடைத்தேர்தல் நெருங்குகிறது. பகவத் கீதையைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் முதலமைச்சர் தா சாஹிப், பதவியை இழந்த எதிர்க்கட்சித் தலைவர், பத்திரிகை ஆசிரியர், காவல்துறை மேலதிகாரி என ஒவ்வொருவருக்கும் அந்தப் பிணம் ஒரு விருந்தாகிறது. உண்மையைத் தேடிய ஒரே காவல் அதிகாரி ஓரங்கட்டப்படுகிறார். இறந்தவனின் நண்பனே கொலைக் குற்றவாளியாக்கப்படுகிறான். 1977இல் பீகாரின் பெல்ச்சியில் நடந்த தலித் படுகொலைதான் இந்த நாவலுக்குத் தூண்டுதல்.

உஷாவின் இயக்க முறை இந்த நாடகத்தில் உருப்பெற்றது. ஒரு வீட்டின் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேசும் நாடகம் அவருக்குப் பிடித்தமானதல்ல. கூட்டம் வேண்டும். ஊர்வலம், பொதுக்கூட்டம், வாக்கு சேகரிப்பு, ஒப்பாரி என்று பலர் சேர்ந்து அசைவதில்தான் அவர் கதையைச் சொன்னார். நடனம் கற்ற ஒருவரின் கண் அதில் தெரிந்தது. கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கும் நடிகனுக்கும் ஓர் அசைவு, ஒரு முகம் இருக்கும். ரங்ககர்மியின் நடிகர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெறாத இளைஞர்கள்; மாணவர்கள், சிறு வேலைகளில் இருந்தவர்கள். இந்தத் தொடக்கநிலை நடிகர்களை வைத்துக்கொண்டு தனி நடிப்பில் உயரம் காட்டுவது கடினம். கூட்ட அசைவில் கடும் ஒழுங்கைக் கொண்டுவந்து அந்தக் குறையை அவர் பலமாக மாற்றினார். பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டது அந்தக் குழுவின் வேகத்தையும் கட்டுப்பாட்டையும்தான். மொழி முழுதும் புரியாத வங்காளிப் பார்வையாளரையும் அந்த அசைவு பிடித்து இழுத்தது.

அடுத்த சில ஆண்டுகளின் தேர்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. 1987இல் ரத்னாகர் மட்கரியின் மராத்தி நாடகம் ‘லோக்கதா’, கிராமத்தில் தலித் மக்கள் மீது நடக்கும் வன்முறையைப் பற்றியது. 1989இல் மகேஷ் எல்குஞ்ச்வாரின் ‘ஹோலி’. பண்டிகை நாளில் விடுமுறை மறுக்கப்பட்ட கல்லூரி மாணவர்களின் சலிப்பு, கலவரமாகவும் ஒரு மாணவனின் சாவாகவும் முடியும் கதை. நாற்பது வயது கடந்த ஒரு கல்லூரி ஆசிரியை, விடுதி மாணவர்களின் கட்டற்ற கோபத்தை மாணவ வயது நடிகர்களைக் கொண்டே மேடையேற்றியது சாதாரணத் துணிச்சலல்ல. 1990களின் தொடக்கத்தில் ஸ்வதேஷ் தீபக்கின் ‘கோர்ட் மார்ஷல்’: மேலதிகாரியைச் சுட்ட ராம்சந்தர் என்ற ராணுவச் சிப்பாய் மீதான விசாரணை. துப்பாக்கியைத் தூக்கவைத்தது சாதி இழிவு என்பது விசாரணையின் போக்கில் வெளிவருகிறது. மராத்தி, இந்தி, வங்காளம் என்று மூலம் எங்கிருந்து வந்தாலும், அதிகாரத்தின் கீழே நசுங்கியவரின் பக்கம் நின்ற கதையைத்தான் அவர் எடுத்தார்.

1992 டிசம்பர் 29 அன்று கொல்கத்தாவில் ‘ருதாலி’ அரங்கேறியது. உஷா கங்குலியின் வாழ்நாள் பணியில் உச்சம் இதுதான். மகாசுவேதா தேவியின் வங்காளக் கதையைத் தாமே இந்தி நாடகமாக எழுதி, தாமே இயக்கி, முதன்மைப் பாத்திரமான சனிச்சரியாகத் தாமே நடித்தார்.

ருதாலி என்பவள் பணக்காரர் வீட்டுச் சாவில் கூலி வாங்கிக்கொண்டு அழும் பெண். ‘கூலிக்கு மாரடிப்பது’ என்று நாம் பழிப்பாகச் சொல்லும் சொல், இந்தக் கதையில் ஒரு தொழிலின் பெயர். களம், ஒருகாலத்தில் பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் உள்ள பலாமூ பகுதியின் தஹாட் கிராமம். கஞ்சு என்ற தாழ்த்தப்பட்ட சாதியில், சனிக்கிழமை பிறந்ததால் அந்தப் பெயர் பெற்றவள் சனிச்சரி. மாமியார், கணவன், மகன் என்று ஒவ்வொருவராக இறக்கிறார்கள். ஒருவருக்காகவும் அவளால் அழ முடியவில்லை. பிணத்தை எடுக்க வேண்டும், புரோகிதருக்குக் கொடுக்க வேண்டும், அதற்குக் கடன் வாங்க வேண்டும், கடனுக்குக் கொத்தடிமையாக உழைக்க வேண்டும்; அழுவதற்கு நேரம் எங்கே? சிறுவயதுத் தோழி பிக்னியைப் பல்லாண்டு கழித்துச் சந்திக்கிறாள். துலன் என்ற ஊர்க் கிழவன் இருவருக்கும் ஒரு வழி காட்டுகிறான். நிலக்கிழார்கள் வீட்டுச் சாவில் அழுதால் காசு. வெறுமனே அழுதால் ஒரு கூலி, தரையில் புரண்டு அழுதால் ஒரு கூலி, தலையை மோதிக்கொண்டால் அதற்கு மேல். சொந்தச் சாவுகளுக்கு வராத கண்ணீர், தன்னை நசுக்கியவர்களின் சாவுக்கு விலைபேசி வருகிறது. பிக்னியும் இறந்த பிறகு, தோஹ்ரி ஊரின் விலைமகளிரை இந்தத் தொழிலுக்கு அழைத்துச் செல்கிறாள் சனிச்சரி. அவர்களில் சிலர் அந்த நிலக்கிழார்களாலேயே அத்தெருவுக்குத் தள்ளப்பட்டவர்கள்.

மகாசுவேதா தேவி இந்தக் கதையை வேகமான, வறண்ட நடையில், கணக்குப் புத்தகம் எழுதுவதைப் போல எழுதினார். யாருக்கு எத்தனை நிலம், எந்தச் சாவுக்கு எவ்வளவு செலவு, கடன் எப்படி அடிமைத்தனமாகிறது என்பதே அவருடைய அக்கறை. மூலக்கதையில் சாவுகள் ஒன்றிரண்டு பத்தியில் கடந்து போகும். உஷா கங்குலி அவற்றை வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளாக விரித்தார். உணவுக்கான சண்டை, மருமகளோடு பூசல், பேரனுடைய விலகல், இரண்டு கிழவிகள் ஒருத்திக்கு ஒருத்தி துணையாகும் நெருக்கம் ஆகியவை மேடையில் முதன்மை பெற்றன. மூலக்கதையையும் நாடகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, இரண்டையும் ஒரே நூலில் 1997இல் வெளியிட்ட அஞ்சும் கத்யால் இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஒரு சமூகமே எப்படி உயிர் பிழைக்கிறது என்பதைச் சொன்ன கதை, மேடையில் ஒரு பெண்ணின் கதையாக, பெண்களின் கதையாக மாறியது என்பது அவருடைய கருத்து.

இந்த மாற்றத்தில் இழப்பு உண்டு. நிலவுடைமையும் வட்டியும் சேர்ந்து இயங்கும் விதத்தை மகாசுவேதா காட்டிய கூர்மை, நாடகத்தில் மங்குகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மேடைக்கு ஓர் உடல் தேவை. சனிச்சரியின் அழாத முகத்தை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் பார்வையாளருக்கு, வட்டிக் கணக்கைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கூலிக்கு அழக் கற்றுக்கொள்ளும் காட்சிகளில் நகைச்சுவையும் துயரமும் ஒரே மூச்சில் வரும். அழுகை எப்போது நடிப்பு, எப்போது உண்மை என்ற கேள்வியை, நடிப்பையே தொழிலாகக் கொண்ட மேடையில் வைத்து எழுப்புவதில் கதைக்கு இல்லாத ஒரு பரிமாணம் நாடகத்துக்குக் கிடைத்தது. கூட்டு அசைவில் தேர்ந்த இயக்குநருக்கு, கூட்டமாக ஒப்பாரி வைப்பவர்களின் கதை அமைந்தது நல்வாய்ப்பு.

நாடகம் அரங்கேறிய அடுத்த ஆண்டு, அதே கதையைக் கொண்டு கல்பனா லாஜ்மி இயக்கிய ‘ருதாலி’ திரைப்படம் வந்தது. களம் ராஜஸ்தான் பாலைவனத்துக்கு மாறியது. பிக்னி சனிச்சரியின் தாய் என்று முடிச்சவிழ்ந்தது. டிம்பிள் கபாடியாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்தின் புகழ் நாடகத்தை நாடெங்கும் பலர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது வருத்தத்துக்குரியது. தாய்–மகள் உறவு என்ற எளிய உருக்கத்தை நாடியது படம். இரண்டு ஏழைக் கிழவிகளின் நட்பே போதும் என்று நின்றது நாடகம். இந்த ஒரு வேறுபாட்டிலேயே நாடகத்தின் உயர்வு தெரியும்.

ரங்ககர்மியின் மற்றொரு பெரிய நாடகம் ‘ஹிம்மத் மாயி’. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939இல் பிரெக்ட் எழுதிய ‘அன்னை கரேஜ்’ நாடகத்தின் இந்தி வடிவம் இது. போர்ச் சேனையின் பின்னால் வண்டி இழுத்து வியாபாரம் செய்து, போரால் பிழைத்து, அந்தப் போருக்கே தன் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுக்கும் தாய். இதே நாடகத்தை அதே பெயரில் அமல் அல்லானா டெல்லியில் இயக்கியபோது, தாயின் வேடத்தை மனோகர் சிங் என்ற ஆண் நடிகருக்குக் கொடுத்தார். தாய்மை என்ற பழகிய உணர்ச்சியிலிருந்து பார்வையாளரை விலக்கி நிறுத்தும் உத்தி அது. உஷா கங்குலி அந்த வேடத்தில் தாமே நடித்தார். ஒருவர் உருக்கத்தைத் தள்ளிவைத்தார், மற்றவர் அதற்குள் புகுந்து நின்றார். இந்தி மேடையின் இரு பெண் இயக்குநர்கள் ஒரே பிரதியை எவ்வளவு வேறுவிதமாக அணுகினார்கள் என்பதை ஒப்பிட்டுப் படிக்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல இணை கிடைக்காது. சனிச்சரியும் ஹிம்மத் மாயியும் சகோதரிகள். இருவருமே சாவைக் கணக்குப் பார்த்துப் பிழைப்பவர்கள்.

1996இல் ‘பேட்டி ஆயி’ வந்தது. பெண் குழந்தை பிறப்பைப் பழிக்கும் வழக்கத்தை எதிர்த்து ஜோதி மாப்சேகர் மராத்தியில் எழுதிய ‘முல்கி ஜாலி ஹோ’வின் இந்தி வடிவம். பாட்டும் ஆட்டமும் கொண்ட, எங்கும் எடுத்துச் சென்று நடத்தக்கூடிய நாடகம் அது. வங்காள மொழியிலும் உஷா நாடகங்கள் இயக்கினார். 1999இல் வந்த ‘முக்தி’ அவற்றில் ஒன்று. இயக்கத்துக்கான சங்கீத நாடக அகாதெமி விருது 1998இல் அவருக்கு வழங்கப்பட்டது. ரிதுபர்ணோ கோஷின் ‘ரெயின்கோட்’ (2004) இந்திப் படத்தின் எழுத்துப் பணியிலும் பங்கேற்றார். திரைப்படம் அவரை நிரந்தரமாக இழுத்துக்கொள்ளவில்லை.

2003இல் மேடையேறிய ‘காசிநாமா’ அவருடைய இன்னொரு முகத்தைக் காட்டியது. காசிநாத் சிங்கின் ‘காசி கா அஸ்ஸி’ நூலில் வரும் ஒரு கதை இதற்கு அடிப்படை. காசியின் அஸ்ஸி படித்துறையை ஒட்டிய தெருவில் பிராமணக் குடும்பங்கள் வெளிநாட்டவருக்கு அறை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கத் தொடங்குகின்றன. அறையோடு கழிவறையும் வேண்டும் என்கிறார் வரப்போகும் வெளிநாட்டுப் பெண். அதற்கு வீட்டில் இருக்கும் ஒரே இடம் சிவலிங்கம் இருக்கும் அறை. சந்தையும் சாத்திரமும் மோதும் இந்த இக்கட்டைக் காசிநாத் சிங் அந்தத் தெருவின் வசவு கலந்த பேச்சிலேயே எழுதியிருக்கிறார். காசிப் பேச்சு கொல்கத்தா மேடையில் எடுபடுமா என்ற ஐயத்துக்கு இடமிருந்தது. ஆனால் ரங்ககர்மியின் கூட்டு நடிப்புக்கு டீக்கடைத் திண்ணையும் படித்துறையும் இயல்பான களங்கள். சோகத்தையும் போராட்டத்தையும் மட்டுமே செய்பவர் என்ற எண்ணத்தை இந்த நாடகம் கலைத்தது.

அதற்கு முன்பே, 2002இல், அவர் ‘அந்தர்யாத்ரா’ என்ற தனிநபர் நாடகத்தைச் செய்திருந்தார். தாம் மேடையில் வாழ்ந்த பெண் பாத்திரங்களின் வழியே தம் வாழ்வையும் திரும்பிப் பார்க்கும் நாடகம். பல ஆண்டுகளாகக் கூட்டத்தை அசைத்தவர், வெற்று மேடையில் தனியாக நின்று, நோரா முதலான பெண்களைத் தம் உடம்பிலிருந்து மறுபடி எழுப்பினார். நடிகையின் உள்பயணம் என்ற பொருளிலேயே தலைப்பும் அமைந்தது. இந்தி மேடையில் நடிகைகளின் தன்வரலாறு அரிது என்பதால், இந்த நாடகம் ஓர் ஆவணமாகவும் மதிப்புடையது.

பிற்காலத்தில் மண்டோவின் கதைகளை மேடைக்குக் கொண்டுவந்தார். தாகூரின் ‘சண்டாலிகா’வை, அவருடைய 150ஆம் பிறந்த ஆண்டை ஒட்டி, இந்தியில் செய்தார். தாகூரை வங்காளிகளுக்கு முன்னால் இந்தியில் நடத்துவதற்கு மிகுந்த தன்னம்பிக்கை வேண்டும். தீண்டத்தகாதவளாக ஒதுக்கப்பட்ட பிரகிருதி, தண்ணீர் கேட்ட புத்த பிக்குவால் தானும் மனுஷி என்று உணரும் கதை, ‘மகாபோஜ்’ முதல் அவர் விடாமல் பின்தொடர்ந்த கேள்வியின் தொடர்ச்சியே. 2013இல் ‘ஹம் முக்தாரா’ வந்தது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் மீர்வாலா கிராமத்தில் 2002இல் ஊர்ப் பஞ்சாயத்தின் ஆணையால் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகி, ஒடுங்கிப் போகாமல் நீதிமன்றம் ஏறி, கிடைத்த இழப்பீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கிய முக்தாரன் மாயியின் வாழ்க்கைதான் அதன் பொருள். டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமையின் அதிர்ச்சி நாட்டில் அடங்காதிருந்த காலம். எல்லைக்கு அப்பாலிருக்கும் பெண்ணின் கதையை எடுத்து, ‘நாங்கள் முக்தாரா’ என்று பன்மையில் பெயர் வைத்ததிலேயே இயக்குநரின் நிலைப்பாடு வெளிப்படுகிறது.

இந்தப் பணிகள் எல்லாம் எந்தச் சூழலில் நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இந்தி மேடைக்கு, பார்சி நாடகம் மறைந்த பிறகு, மராத்திக்கு இருப்பது போன்ற நிலையான தொழில்முறை நாடகம் இல்லை. கொல்கத்தாவின் குழு நாடகம் என்பது வேலைக்குப் போய்வந்த பின் மாலைகளில் கூடுகிறவர்களின் உழைப்பு. புதியவர் வருவார், தேறுவார், சினிமாவுக்கோ வேறு ஊருக்கோ போய்விடுவார். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இதைத் தாங்கியது ஒருவருடைய பிடிவாதம். அதிலேயே ஒரு குறையும் உண்டு: எழுத்து, இயக்கம், முதன்மை நடிப்பு எல்லாம் ஒருவரையே சுற்றி வந்ததால், ரங்ககர்மி என்றால் உஷா கங்குலி என்றே ஆகிவிட்டது. உரத்த குரலும் நேரடியான செய்தியும் சில நாடகங்களில் நுட்பத்தை மூழ்கடித்தன என்ற விமர்சனத்திலும் உண்மை இருக்கிறது. ஆயினும் ஆயிரம் பேர் உட்காரும் அரங்கின் கடைசி வரிசை வரை, மொழி அறியாதவரையும் சேர்த்து, பேச விரும்பிய ஒருவரின் தேர்வு அது.

அவர் தலைமுறையில் நாதிரா பப்பர் மும்பையில் 1981இல் ‘ஏக்ஜுட்’ குழுவைத் தொடங்கினார். அமல் அல்லானா, அனுராதா கபூர், திரிபுராரி சர்மா முதலியோர் டெல்லியில் இயங்கினார்கள். இவர்கள் அனைவரும் தேசிய நாடகப் பள்ளியோடு தொடர்புடையவர்கள். பள்ளியின் துணையும் இந்தி பேசும் நகரத்தின் துணையும் இல்லாமல் அதே உயரத்தை எட்டியவர் என்பதால், இந்தி நாடக வரலாற்றில் உஷா கங்குலிக்குத் தனி இடம் தர வேண்டும்.

ரங்ககர்மிக்கென்று சிறிய ஸ்டுடியோ அரங்கு ஒன்றை அவர் கொல்கத்தாவில் அமைத்தார். அதற்கு ‘பினோதினி கேயா மஞ்ச’ என்று பெயர். பினோதினி தாசி 19ஆம் நூற்றாண்டு வங்காள மேடையின் பெரும் நடிகை. கட்டப்படும் அரங்குக்கு உன் பெயரை வைப்போம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, 1883இல் திறந்தபோது அதற்கு ‘ஸ்டார்’ என்று பெயர் சூட்டினார்கள். கேயா சக்ரவர்த்தி நந்திகார் குழுவின் நடிகை. நாடகத்துக்காகக் கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டவர், 1977இல் படப்பிடிப்பின்போது கங்கையில் மூழ்கி இறந்தார். இருவருமே வங்காள மேடையைச் சேர்ந்தவர்கள். இந்தி நாடகக்காரர் ஒருவர்தான் அவர்கள் பெயரில் அரங்கு வைத்தார்.

உஷா கங்குலி 2020 ஏப்ரல் 23 அன்று கொல்கத்தாவில் தம் வீட்டில் மாரடைப்பால் காலமானார். கொரோனா ஊரடங்கு நடப்பிலிருந்த நாட்கள். நகரத்தின் அரங்குகள் அனைத்தும் மூடிக்கிடந்தன. அவர் தம் அரங்குக்குச் சூட்டிய பினோதினியின் பெயர் ஸ்டார் தியேட்டருக்கும் சூட்டப்படும் என்ற அறிவிப்பை மேற்கு வங்க அரசு வெளியிட்டது, அவர் இறந்த பிறகு, 2024 டிசம்பரில்தான்.